படத்துச் சோறு

சண்முகவடிவு போனில் எடுத்து வைத்த சாப்பாட்டுப் படங்களை யாரோ சாப்பிட்டு வருகிறார்கள் என்ற விஷயம் முதன்முதலில் தெரியவந்தது அவள் குடியிருக்கிற வீரபாகு காம்பவுண்டுக்காரர்களுக்கு இல்லை, சர்க்கரை ஆஸ்பத்திரியில் யார் எதைத் தின்கிறார்கள் என்று கண்காணிக்கிற டயட்டீசியன் பெண்ணுக்குத்தான். அவளும் அதில் அதிசயம் எதையும் காணாமல், ஒருநாள் சாயங்காலம், நாள் முழுக்கப் பிறர் தட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன குரலில், "அம்மா, சாப்பிட்டு முடிச்ச தட்டை அனுப்பாதீங்க, சாப்பிடறதுக்கு முன்னாடி எடுத்து அனுப்புங்க, அப்பதான் சோறு எவ்வளவு, காய் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்" என்று பேசி அனுப்பினாள்.

வடிவுக்குக் கோபம்தான் வந்தது. முன்னாடிதான் எடுத்தாள், அதுவும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த கணவனின் கையைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க என்று கெஞ்சி எடுத்தாள். போனைத் திறந்து பார்த்தால் படத்தில் தட்டு இருந்தது, தட்டுக்கு அடியில் விரித்த வெள்ளைத் துண்டு இருந்தது, ஜன்னல் வெளிச்சம் அவள் வைத்த இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. கைக்குத்தல் அரிசிச் சோறும் புடலங்காய்க் கூட்டும் சிறுகீரையும் மட்டும் காணோம். வழித்துச் சாப்பிட்ட விரல் தடமும், இடது ஓரத்தில் ஒதுக்கி வைத்த கறிவேப்பிலையும்தான் மிச்சம்.

இந்தப் படமெடுக்கிற வேலை அவள் கேட்டு வந்ததில்லை. அவள் கணவர் ஆவுடையப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த ஊர் ஸ்டாண்டில் எந்தக் கடை உளுந்தவடை மொறுமொறுப்பு, எந்தச் சந்துக்குள் பரோட்டாவுக்கு இரண்டு வகை சால்னா என்பதெல்லாம் அவருக்கு ரூட் நம்பர் மாதிரி மனப்பாடம். அப்படித் தின்று தின்று சேர்த்த சர்க்கரை கடைசியில் வலது காலின் பெருவிரலைக் கேட்டு வாங்கிக்கொண்டது. விரலை எடுத்த டாக்டர் அவரை டயட்டீசியனிடம் ஒப்படைத்தார், டயட்டீசியன் வடிவிடம் ஒப்படைத்தாள்: எண்ணெய் கம்மி, உப்பு அதைவிடக் கம்மி, தட்டில் பாதி காய், ஒவ்வொரு வேளையும் படம்.

முதலில் எடுத்த படங்களில் தட்டு பாதி, ஆவுடையப்பனின் முழங்கால் பாதி. போகப் போக வடிவுக்கு அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. தெற்கு ஜன்னலை ஒட்டித் தட்டை வைத்தால் கீரை அப்போதுதான் பறித்ததுபோல் பளிச்சென்று இருப்பதையும், ரசத்துக்கு வெயில் ஆகாது நிழல்தான் அழகு என்பதையும், கொள்ளுச் சுண்டல் பித்தளைக் கிண்ணத்தில் ஏறினால் நகைக்கடையில் வைத்ததுபோல் மினுங்குவதையும் அவளே கண்டுபிடித்தாள். படத்துக்கு நிறம் வேண்டுமே என்று பீட்ரூட் வாங்கினாள், செங்கீரை வாங்கினாள், காரட்டை மெல்லிசாகச் சீவி மேலே தூவினாள்; மேலே வைத்த தேங்காய்ப்பூவைப் படம் எடுத்ததும் கையோடு எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், அவருக்குக் கொழுப்பு ஆகாதே. கண்ணுக்கு அழகாயிருந்ததால் ஆவுடையப்பனின் வாயும் அதிகம் வம்பு பண்ணவில்லை, சர்க்கரையும் இறங்கிக்கொண்டே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து சமைத்ததெல்லாம் பிறர் வயிற்றுக்குள் போய்த்தான் முடிந்திருக்கிறது. சமைத்ததில் ஒன்று தனக்கென்று தங்குவது இப்போதுதான் என்பதால் வடிவு சந்தோஷமாக இருந்தாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு தட்டு கிடந்தது. மகன் குத்தாலிங்கத்தின் எவர்சில்வர் தட்டு, காதுகுத்துக்குத் தாய்மாமன் அவன் பெயரை வெட்டிக் கொடுத்தது. படிப்பு முடித்த பையன், சமையல்காரனாகப் போகிறேன், ஓட்டலில் சேரப் போகிறேன் என்று ஒரு மத்தியானம் சாப்பாட்டு நடுவில் சொல்ல, ஆயுசு முழுக்க ஓட்டல் ஓட்டலாகத் தின்று வளர்ந்த ஆவுடையப்பனுக்கு, கரண்டி பிடிக்கவா ஒன்னைப் படிக்க வச்சேன் என்று ஆத்திரம் பொங்கிவிட்டது. "இனிமே இந்த வீட்டுச் சோத்துல ஒனக்குப் பங்கு கிடையாது" என்று சொல்லிவிட்டார். பையன் எச்சில் கையோடு எழுந்து போனவன்தான். இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, நம்பரை மாற்றிவிட்டான், எந்த ஊர் என்றே தெரியாது. தட்டைக் கழுவிப் பரண்மேல் போட்டவரும் ஆவுடையப்பன்தான். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை, வடிவு மட்டும் காய்கறி நறுக்கும்போது மனதுக்குள் எடுப்பாள்.

காலியான தட்டுப் படத்தை வடிவு பக்கத்து வீட்டுக் கோமு மைனியிடம் காட்டினாள். கோமதி என்ற கோமு மைனி எந்த விஷயத்துக்கும் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறவள் இல்லை.

"ஒங்க மாமனார்தாம்ட்டி வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்காவ. வேப்பமரத்த வெட்டுனதுலருந்து நம்ம காம்பவுண்டுக்கு காக்கா வருதா சொல்லு? சோத்த வச்சிக்கிட்டு காகா காகான்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துதோம், ஒண்ணாவது எட்டிப் பாக்கா? அவியளும் எத்தன நாளைக்குப் பட்டினி கெடப்பாவ, போன் வழியா வந்துட்டாவ."

காம்பவுண்டு முழுக்க இதைக் கேட்டது, சரிதானே என்றது, அடுத்த வேலையைப் பார்த்தது. ஆச்சரியப்பட்டவர்கள் ஒருவரும் இல்லை. வருத்தப்பட்டவர்கள்தான் உண்டு, இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று. அமாவாசையன்று வடிவின் தெற்கு ஜன்னல் முன்னால் ஆளாளுக்குத் தட்டோடு வந்து நின்றார்கள். அப்பாவுக்கு என்று ஒருத்தர், அத்தைக்கு என்று ஒருத்தர், இறந்துபோன நாய்க்குக் கொஞ்சம் பால்சோறு எடுக்கலாமா என்று கூச்சத்தோடு ஒருத்தர். வடிவு யாரையும் ஏமாற்றாமல் ஒவ்வொரு தட்டுக்கும் வெளிச்சம் பார்த்து, துண்டை மாற்றி விரித்து, பொறுமையாக எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அதே பேச்சுத்தான்: எங்க வீட்டுது காலி, ஒங்க வீட்டுது என்னாச்சு?

காலியாகாதவையும் இருந்தன. கோமுவின் மாமியார் உயிரோடு இருந்தவரை உளுந்தவடைக்கு உயிரை விட்டவள். ஐந்து வடையை அடுக்கிப் படமெடுத்தும் பொழுது சாயும்வரை வடை வடையாகவே இருந்தது. கோமு அழாத குறை. மறுநாள் மனசு கேட்காமல் இட்லியும் பாசிப்பருப்புச் சாம்பாரும் கொண்டுவந்தாள், துடைத்து வைத்ததுபோல் காலியாகிவிட்டது. பூரி தொடப்படவில்லை, ஆவியில் வெந்த கொழுக்கட்டை போய்விட்டது. அப்பளம் கிடந்தது, வெள்ளரிக்காய் போய்விட்டது. மேலே போன இடத்திலும் டாக்டர்மார் இருப்பார்கள்போல, எண்ணெயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று காம்பவுண்டு முடிவு கட்டியது. செத்தவர்களுக்கே ஆகாதது நமக்கெதற்கு என்று இருக்கிறவர்களும் வடைச்சட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர், காம்பவுண்டோடு எல்லாரும் வெளியூர் போய்விட்டீர்களா, எண்ணெய் வாங்க ஆளையே காணோமே என்று கேட்டனுப்பினார்.

கடைசி வீட்டு ரோஸ்லின் டீச்சர் மட்டும் ஒதுங்கியே இருந்தாள். "எங்க வேதத்துல இதுக்கெல்லாம் எடமில்ல வடிவு, மரிச்சவங்க கர்த்தர்கிட்ட இளைப்பாறுதாங்க, அவங்களுக்குப் பசிக்காது" என்பாள். ஒருநாள் காம்பவுண்டு காலியாக இருந்த நேரம் பார்த்து, சேலைத் தலைப்பால் மூடிய கிண்ணத்தோடு வந்து நின்றாள். உள்ளே கேப்பைப் புட்டு. காலமான அவள் கணவர் டேனியல் சாருக்குப் பிடித்தது. வடிவு ஒன்றும் கேட்காமல் எடுத்தாள். கிண்ணம் காலியானதைச் சாயங்காலம் காட்டியபோது டீச்சர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வடிவின் கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் வடிவு முருங்கைக்காய்க் கூட்டு வைத்தாள். கொஞ்சம் பாசிப்பருப்பு, சீரகம், இரண்டு சின்ன வெங்காயம், அவ்வளவுதான். பச்சையும் மஞ்சளுமாகப் படம் பிரமாதமாக வந்தது. சாயங்காலம் கோமு மைனி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய, இன்றைக்கு எப்படிச் சாப்பிட்டிருக்கிறார்கள் பார்ப்போம் என்று போனைத் திறந்தாள்.

தட்டு காலி. கறிவேப்பிலை இடது ஓரத்தில். வலது ஓரத்தில், மென்று துப்பிய முருங்கைச் சக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு வீடு கட்டியிருந்தது. நாலு சுவர், மேலே குறுக்காக இரண்டு சக்கை, முன்பக்கம் வாசலுக்கு இடைவெளி.

அந்த வீட்டைக் கட்டத் தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். நாலு வயதில் ஆரம்பித்த பழக்கம். வளர்ந்து மீசை வைத்த பிறகும், எச்சித்தட்டுல என்னல வெளையாட்டு என்று அப்பா ஏசினால் சிரித்துக்கொண்டே கட்டுவான். காம்பவுண்டே ஒரே வாயாகச் சொல்லியாயிற்று, படத்தில் வந்து சாப்பிடுகிறவர்கள் செத்துப்போனவர்கள் என்று. வடிவும் அதை நம்பி எல்லாருக்கும் வெளிச்சம் பார்த்துக் கொடுத்தாயிற்று. அப்படியென்றால் இவன்?

கோமு மைனியும் பார்த்துவிட்டாள். அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சோறூட்டியவள் அவள். எதற்கும் காரணம் சொல்கிறவள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல், ஆய்ந்த கீரையையும் விட்டுவிட்டு எழுந்துபோனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட வடிவுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாளிலிருந்து வடிவு படமெடுப்பதை நிறுத்தினாள். எடுத்தால் பிள்ளைக்குத் தன் கையாலேயே திதி கொடுப்பதாக ஆகிவிடும், எடுக்காவிட்டால் அவன் செத்தான் என்பது உறுதியாகாமலாவது இருக்கும். போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடினாள். தட்டோடு வந்தவர்களிடம் போன் ரிப்பேர் என்றாள். சமையலிலும் காரட் போயிற்று, பீட்ரூட் போயிற்று. வெந்ததை வடித்து, வடித்ததைத் தட்டில் போட்டாள். தெற்கு ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

"ஏட்டி, போன் எங்க?" என்று ஒருநாள் கேட்டார் ஆவுடையப்பன். "அந்த ஆஸ்பத்திரிப் பிள்ள என்னையப் பிடிச்சு ஏசுது."

"அரிசிக்குள்ள கெடக்கு. இனிமே நான் படம் எடுக்க மாட்டேன்."

"ஏன்?"

வடிவு டிரம்முக்குள் கைவிட்டுப் போனை எடுத்தாள், முந்தானையால் தவிட்டைத் துடைத்தாள், அந்தப் படத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரல் பட்டுப் படம் பெரிதாக, வீடும் பெரிதானது.

"வாசல் விட்டுருக்கான்" என்றார். "எப்பமும் வாசல் விட்டுத்தான் கெட்டுவான்."

அவ்வளவுதான், வடிவு இரண்டு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. "நீங்கதான சொன்னிய, பங்கு கிடையாதுன்னு! பெத்த புள்ளயப் பாத்து எந்தத் தகப்பனாவது சோத்துல பங்கில்லன்னு சொல்லுவானா? எச்சிக் கையோட போனானே, கை கழுவக்கூடத் தண்ணி குடுக்கலியே நான்! இப்ப ஊரு பூராச் செத்தவியளோட சேந்து அவனும் வந்து திங்கானே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆவுடையப்பனுக்கும் கண் நிறைந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் வடிவு குழாயடியில் குடம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், ஒரு விரலில்லாத காலோடு ஸ்டூலில் ஏறி நின்று பரணைத் துழாவுகிறார் மனிதர்.

"எறங்குங்க! விழுந்து மிச்சக் காலையும் ஒடைக்கப் போறியளா?"

அவர் இறங்கும்போது கையில் அந்தத் தட்டு இருந்தது. தூசியைத் துடைத்தார், புளி போட்டுத் தேய்த்தார், ஆ. குத்தாலிங்கம் என்று வெட்டிய எழுத்துகளுக்குள் நகத்தை விட்டுச் சுத்தம் செய்தார். கண்டக்டர் வேலை பார்த்த காலத்தில்கூடத் தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவாதவர் அவர். பிறகு சாத்தியிருந்த தெற்கு ஜன்னலைத் திறந்தார், மனைவியின் வெள்ளைத் துண்டைத் தேடி எடுத்து விரித்தார், சோற்றை அள்ளி வைத்தார். டயட்டீசியன் சொன்ன அளவுக்கெல்லாம் இல்லை, வளர்ந்த ஆண்பிள்ளை வயிறார உண்கிற அளவுக்கு. வாழைத்தண்டுக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், கெட்டி மோர்.

"எங்கன அமுக்கணும்?" என்றார். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவராகவே எங்கெங்கோ அமுக்கினார். போன் அசைந்ததால் தட்டு இரண்டாகத் தெரிய, கூட்டு கூழாகக் கலங்க, படத்தின் ஒரு மூலையை அவருடைய கட்டைவிரல் கத்தரிக்காய் கணக்காக அடைத்துக்கொண்டு விழுந்தது. வடிவு எடுத்த படங்களில் ஆக மட்டமான படம்கூட இதற்குத் தேவலை. ஆவுடையப்பன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஏல, சாப்பிடு" என்றார், துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டு, "சாப்பிடுய்யா. ஒம் பங்குதான்" என்றார்.

இரண்டு பேரும் தங்களுக்குப் போட்டுக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். காலியாக வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, காலியாகக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்று வடிவுக்குத் தெரியவில்லை. நெல்லையப்பா, காந்திமதித் தாயே என்று பெயர்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் துண்டைத் தாண்டித் தரைக்கு நகர்ந்தது. அப்போது போன் அடித்தது, தெரியாத நம்பர்.

"எம்மா" என்றது குரல். "இன்னைக்குச் சோத்துல ஒரு கட்டவெரல் கெடந்துச்சு. அப்பாவா எடுத்தாவ?"

வடிவு போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எம்மா, பேசேம்மா. இத்தன நாளா சோறே வரல. ஒனக்குத்தான் என்னமோ ஏதோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. போன் போட்டு யாராவது எடுத்து அம்மா இல்லன்னு சொல்லிட்டா என்ன செய்யன்னு, பயந்துக்கிட்டே போடாம இருந்தேன்."

"ஏல... நீ உசுரோட இருக்கியா?"

"உசுரோட இருக்கேனா! ஒன் சமையல்ல நான் குண்டாயிட்டேம்மா."

வடிவு அங்கேயே தரையில் சரிந்து உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். நெஞ்சின்மேல் ஏற்றி வைத்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிப்போட்டதுபோல் மூச்சு தாராளமாக வந்தது. அவள் அழ அழ, அவன் அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டே போனான்: பூனாவில் ஓட்டல் அடுப்படியில் வேலை, நாளெல்லாம் எண்ணெய்ப் புகை, வயிற்றில் புண் வந்து பச்சைத் தண்ணீர்கூடத் தங்காமல் கிடந்தது, பிறகு ஒரு மத்தியானம் அடுப்படிக்குப் பின்னால் படிக்கட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தட்டு தெரிந்தது, புடலங்காய்க் கூட்டு. வயிறு நிறைந்தது. எண்ணெய்ப் பலகாரம் வந்த நாளில் தொடவில்லை, புண் எரியுமே. அம்மா சமைக்கிறாள், நமக்கு வருகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு அந்த வெரலப் பாத்தேனா, அப்பவே போன எடுத்துட்டேன்" என்றான். பிறகு, "எம்மா, எதுலயும் உப்பே போட மாட்டேங்கிறியே, ஏன்?"

ஆவுடையப்பன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "எனக்கு பிரஷர்ல. சர்க்கர வேற. ஒரு வெரல எடுத்துட்டானுவ."

"யப்பா! எந்த வெரல? படத்துல இருந்த அதையா?"

"அது கையில. போனது கால்ல" என்றவர், அதற்குமேல் முடியாமல், "வாடே, வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடமே கொடுத்துவிட்டார்.

அவன் ரயிலேறி வந்து இறங்கிய அன்று காம்பவுண்டே வாசலில் நின்றது. கோமு மைனி அவன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிப் பார்த்து, உயிர்தான் என்று உறுதி செய்துகொண்டு, பிறகுதான் கணக்குக் கேட்டாள். "அப்படின்னா எங்க மாமியா ஒண்ணுமே சாப்பிடலியாடே?"

"இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சு அத்தே" என்றான் அவன். "ஒங்க வீட்டுக் கொழுக்கட்டயும்தான்." எல்லாருக்கும் கொஞ்சம் ஏமாற்றமும், ஏமாற்றத்தைவிட அதிகமாகச் சிரிப்பும் வந்தது, நாய்க்குப் பால்சோறு வைத்தவர் மட்டும் மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டார். ரோஸ்லின் டீச்சர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். குத்தாலிங்கம் அவளிடம் போய், "டீச்சர், கேப்பப் புட்டுல ஏலக்கா தட்டிப் போட்டிருந்திய" என்று தயங்கினான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க சாரும் ஏலக்கா இல்லன்னா தொட மாட்டாங்க" என்றாள். "போகட்டும்டே. பசிச்சவன்தான சாப்ட்டிருக்க." அன்றைக்குச் சாயங்காலமே சுடச்சுடப் புட்டு அவித்துக் கொண்டுவந்தாள்.

அந்த மத்தியானம் வடிவு முருங்கைக்காய்க் கூட்டுத்தான் வைத்தாள், அவன் பங்கில் மட்டும் உப்பைக் கூடப் போட்டு. தெற்கு ஜன்னலை ஒட்டி, பெயர் வெட்டிய தட்டில் பரிமாறி, அவன் கையைத் தட்டிவிட்டு ஒரு படம் எடுத்தாள். ஆவுடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து தன் அளவுச் சோற்றைச் சாப்பிட்டார், மகன் தட்டில் குறையக் குறையத் தானே எழுந்துபோய்க் கரண்டி பிடித்துப் போட்டார். அவன் கறிவேப்பிலையை இடதுபக்கம் ஒதுக்கினான், முருங்கைச் சக்கையில் வீடு கட்டினான், வாசல் விட்டான். ஒருத்தரும் ஏசவில்லை.

சாயங்காலம் டயட்டீசியன் பெண் பேசி அனுப்பினாள்: "இப்பதாம்மா சரியா எடுத்திருக்கீங்க, தட்டு நிறைய இருக்கு. ஆனா சார் இவ்வளவு சோறு சாப்பிடக் கூடாது." வடிவு போனைத் திறந்து பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள், அதற்கடுத்த நாளும். அந்தப் படத்தில் சோறு வைத்தது வைத்தபடியே இருக்கிறது.